நம்ம ஆளுங்க எத்தனை ஓட்டு?

1

திண்டுக்கல்லில் இருந்து அக்கா போனில் கேட்டாள்.

“ஏய் மங்கை, நம்ம நிவி எலெக்சன்ல நிக்கிறாளாமே, நெசமா?”

“ஆமாக்கா.”

“அந்தத் தொகுதியில நம்ம ஆளுங்க எத்தனை ஓட்டு இருக்கு?”

அவள் தப்பாக எதுவும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் யார் நின்றாலும் முதலில் வருகிற கேள்வி அதுதான். அக்கா சொல்லும் “நம்ம ஆளுங்க” யாரென்று எனக்குத் தெரியும். அந்த ஆட்கள் எங்கள் தொகுதியில் நானும் நிவியும்தான். என் கணவருக்கு ஓட்டு கிடையாது. ஊரில் அவருடைய அப்பா அம்மா இருக்கிறார்கள் என்று அவர் இன்னும் இந்தியக் கடவுச்சீட்டை விடாமல் நிரந்தரவாசியாகவே இருக்கிறார். மகள் தொடக்கப்பள்ளியில் படிக்கும்போது நானும் அவளும் மட்டும் சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிக்கொண்டோம்.

“ரெண்டு ஓட்டுக்கா” என்றேன்.

அக்கா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

2

ஊரில் இருக்கிறவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கே பல தொகுதிகளில் ஒரு கட்சி ஒரே ஆளை நிறுத்த முடியாது. நான்கைந்து பேர் குழுவாக நிற்க வேண்டும். குழு ஜெயித்தால் எல்லோரும் உள்ளே, தோற்றால் எல்லோரும் வெளியே. அந்தக் குழுவில் ஒருவராவது சிறுபான்மை இனத்தவராக இருக்க வேண்டும் என்பது சட்டம். சில தொகுதிகளுக்கு மலாய்க்காரர், சில தொகுதிகளுக்கு இந்தியர் அல்லது பிற சிறுபான்மையினர். வாக்காளர்களில் முக்கால்வாசிப் பேர் சீனர்கள். மலாய்க்காரர்கள் அதற்கு அடுத்து. இந்தியர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. சும்மா விட்டால் சிறுபான்மையினர் யாருமே நாடாளுமன்றத்துக்குள் போக முடியாமல் போகலாம் என்ற யோசனையில் வந்த ஏற்பாடு அது.

அப்படியானால் இந்தியர்கள் கூட்டமாக வாழும் தொகுதி ஒன்று இருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். கிடையாது. அடுக்குமாடி வீடுகளில் ஒவ்வொரு புளோக்கிலும் எந்த இனத்தவர் எவ்வளவு இருக்கலாம் என்று அளவு உண்டு. இந்தியக் கடைகள் நிறைந்த தேக்காவில் நீங்கள் பார்க்கிற கூட்டம் ஞாயிற்றுக்கிழமை மல்லிகைப்பூவும் கீரையும் வாங்க வந்த கூட்டம். சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறித் தீவு முழுக்கக் கலைந்துவிடும்.

நிவி முதியோர் இல்லம் ஒன்றில் பிசியோதெரபிஸ்ட். கட்சிக்காரர்களோடு வீடு வீடாகப் போய் மக்களைப் பார்ப்பது சில வருடங்களாகவே அவளுக்குப் பழக்கம். சிறிய எதிர்க்கட்சி. இத்தனை நாளும் அதை ஒரு தொண்டு மாதிரிதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது சொன்னாள்.

“மா, அப்பா, என்னை கேண்டிடேட்டா நிக்கச் சொல்றாங்க.”

அவர் தட்டில் இருந்த கையை எடுத்துவிட்டார். “யாரு?”

“பார்ட்டி தான். டீம்ல ஒரு இந்தியன் வேணும். முன்னாடி இருந்தவரு ஹெல்த் சரியில்லைன்னு விலகிட்டாரு.”

“அப்ப உன்னைக் கேக்கல. ஒரு இந்தியனைக் கேட்டிருக்காங்க” என்றேன்.

கேட்டதும் அவள் முகம் மாறியது. நான் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை, பயத்தில் சொன்னேன். ஆனால் அவளுக்குக் குத்தலாகத்தான் கேட்டிருக்கும்.

“எனக்குத் தெரியும் மா. நானும் கேட்டேன் அவங்ககிட்ட. ரூல் இல்லன்னா என்னைக் கூப்பிட்டிருப்பீங்களான்னு.”

“என்ன சொன்னாங்க?”

“நெக்ஸ்ட் எலெக்சன்ல கூப்பிட்டிருப்போம்னாங்க.” கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். “அட்லீஸ்ட் பொய் சொல்லல.”

3

என் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் எங்கள் தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் நகராட்சித் தேர்தலில் நின்றார். நல்ல மனிதர். எங்கள் வார்டில் அவருடைய ஆட்கள் நாலைந்து வீடுதான். ஜெயிக்க மாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். தோற்றார். யாரும் அவரை அடிக்கவில்லை, திட்டவில்லை. டயரில் காற்று போனால் அவர் கடையைத் தாண்டிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே அடுத்த தெருவுக்குப் போனார்கள், அவ்வளவுதான். அவர் பம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அடுத்த பொங்கலுக்குள் கடையைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்.

சிங்கப்பூர் திண்டுக்கல் இல்லை என்று எனக்கே நூறு தடவை சொல்லிக்கொண்டேன். ஆனாலும் அவள் சரி என்று கட்சியிடம் சொன்ன நாளில் இருந்து எதைப் பார்த்தாலும் பயம். நிரந்தரவாசிகள் ஊருக்குப் போய்த் திரும்பி வரத் தேவையான மறுநுழைவு அனுமதியைக் கணவருக்குப் புதுப்பிக்க வேண்டிய நேரம் அது. வழக்கமாக இணையத்தில் விண்ணப்பித்துவிட்டு மறந்துபோவோம். இந்த முறை தினமும் பார்த்தோம். “ஒண்ணும் ஆகாது, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல” என்று அவர் சொல்வார். சொல்லிவிட்டு அவரே மறுபடி கணினியைத் திறப்பார். வழக்கம்போல அனுமதி வந்தது. யாரும் எங்களை எதுவும் செய்யவில்லை. பயம் முழுக்க எங்களுடைய சொந்தச் சமையல்.

வேட்பாளராக நிற்க நிவிக்கு இன்னொரு தாள் தேவைப்பட்டது. இவர் இந்தியர் சமூகத்தைச் சேர்ந்தவர்தான் என்று அதற்கென்று இருக்கும் குழு தருகிற சான்றிதழ். அவள் மேசையில் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

“என்ன மா இது, காமெடியா இருக்கு. பஸ்ல ஏறினா யாரும் சர்ட்டிஃபிகேட் கேக்கறதில்ல. பாத்ததுமே தெரியுது.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான்கு வயதில் இங்கே வந்தவள். பள்ளியில் தமிழ் படித்தாள், தேர்வு எழுதினாள், அதோடு சரி. என்னிடம் தமிழில் ஆரம்பித்து ஆங்கிலத்தில் முடிப்பாள். தோழிகள் எல்லா இனத்திலும் உண்டு. தன்னை இந்தியர் என்று அவள் தனியாக நினைத்துப் பார்த்ததே அந்த வாரத்தில்தான் என்று எனக்குத் தோன்றியது. சான்றிதழ் வந்தது.

4

நான் டயாலிசிஸ் நிலையத்தில் தாதி. வாரத்துக்கு மூன்று முறை வருகிற நோயாளிகள் நான்கு மணி நேரம் அதே நாற்காலியில் கிடப்பார்கள். தொலைக்காட்சி பார்ப்பார்கள், பேசுவார்கள். தேர்தல் நேரத்தில் பேச்சுக்குக் குறைவே இல்லை.

கோ அங்கிள் பழைய டாக்சி ஓட்டுநர். ஏழு வருடமாக அவர் கைக்கு நான்தான் ஊசி ஏற்றுகிறேன். மற்றவர்கள் ஏற்றினால் வலிக்கிறது என்பார். புதிய வேட்பாளர்களின் படங்களைத் தொலைக்காட்சியில் காட்டிக்கொண்டிருந்தார்கள். நிவியின் முகம் வந்தது. அவள் பெயரோடு வருவது அவள் அப்பாவின் பெயர், அதனால் அவருக்குத் தெரிய வழியில்லை.

“இந்தப் பெண்ணைப் பார். கோட்டாவுக்காகப் போட்டிருக்கிறார்கள்” என்றார் அவருடைய ஆங்கிலத்தில். “இந்தியாவில் பிறந்தவளாம். நேற்று வந்தவர்கள் எல்லாம் இன்றைக்கு நாடாளுமன்றம் போக வேண்டுமாம்.”

என் கையில் ஊசி இருந்தது. அவர் கையில் ரத்தக்குழாய் புடைத்திருக்கும் இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழகிய இடம் பிடிபடவில்லை. கோபமாக இருந்திருந்தால் தேவலை. இந்த மனிதரின் கையை நான் ஏழு வருடமாகப் பிடித்திருக்கிறேன், இவர் மனதில் இதுதான் இருந்திருக்கிறது என்ற பயம். ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, என்னோடு வேலை செய்யும் மலாய்த் தாதி நோராய்னியைக் கூப்பிட்டேன். அவள் ஒன்றும் கேட்காமல் வந்து ஏற்றினாள். கோ அங்கிள் வலியில் முகத்தைச் சுளித்தார்.

5

வேட்புமனு நாளில் வேட்பாளர்கள் ஆதரவாளர்கள் முன்னால் நான்கு மொழிகளில் பேசுவார்கள். தமிழ்ப் பகுதி நிவிக்கு. நான்தான் எழுதிக் கொடுத்தேன். சின்னப் பேச்சு. ஒரு வாரம் சமையலறையில் பயிற்சி. “வாழ்க்கை” அவள் வாயில் “வால்க்கை” ஆகிவிடும். அதைத் திருத்திக்கொண்டே இருந்ததில் மற்றதைக் கவனிக்கவில்லை. கடைசி வரியில் அழுத்தம் வேண்டும் என்று நான்தான் ஓர் ஏகாரம் சேர்த்தேன். “நாம் ஒன்றுசேர்ந்து எல்லாவற்றையுமே மாற்றுவோம்.”

அந்தப் பள்ளித் திடலில் வெயில். கொடிகள், விசில்கள், கூச்சல். நான் பின்வரிசையில் நின்றேன். அவள் மேடையில் மிகச் சின்னதாகத் தெரிந்தாள். வணக்கம் சொன்னாள், வாழ்க்கையைச் சரியாகச் சொன்னாள். எனக்கு மூச்சு வந்தது. கடைசி வரிக்கு வந்தாள். “எல்லாவற்றையும்” என்று நிறுத்தி, மூச்சு வாங்கி, முழுக் குரலில் சொன்னாள்.

“ஏமாற்றுவோம்!”

தமிழ் தெரியாதவர்கள் கைதட்டினார்கள். தெரிந்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவளுக்கு ஏன் என்று புரியவில்லை. அவளும் சிரித்துக் கையசைத்தாள்.

சாயங்காலத்துக்குள் அந்தத் துண்டு எல்லோர் கைப்பேசியிலும் இருந்தது. அக்காவுக்குக்கூடத் திண்டுக்கல்லில் வந்து சேர்ந்துவிட்டது. வேடிக்கை பண்ணியவர்கள் பரவாயில்லை. கீழே வந்த மற்றக் கருத்துகளைத்தான் நான் படித்திருக்கக் கூடாது. திரும்பிப் போ என்று எழுதியிருந்தார்கள். சீனப் பெயர்களும் இருந்தன, இந்தியப் பெயர்களும் இருந்தன. தமிழிலேயே எழுதியிருந்தார்கள் சிலர்.

“மா, நீ அழாத. நான்தானே தப்பா சொன்னேன்” என்றாள் நிவி.

“அந்த ஏகாரம் நான் போட்டதுடி.”

“இட்ஸ் ஓகே மா. இப்ப அட்லீஸ்ட் எல்லாருக்கும் என் பேர் தெரியும்.”

6

அந்த ஞாயிறு தேக்காவுக்குப் போனேன். சந்தை மாடியில் லெட்சுமி அக்காவின் தையல் கடை. சிங்கப்பூரிலேயே பிறந்தவர், அவருடைய அப்பாவும் இங்கேயே பிறந்தவர். நான் வந்த புதிதில் எந்தக் கடையில் நல்லெண்ணெய் நன்றாக இருக்கும் என்பதில் இருந்து எந்தப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கலாம் என்பது வரை சொல்லித் தந்தது அவர்தான். தைக்கக் கொடுத்திருந்த ரவிக்கையை எடுத்து நீட்டினார். முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை.

“பொண்ணைப் பாத்தேன் வீடியோவுல.”

“பதற்றத்துல அப்படிச் சொல்லிட்டாக்கா.”

“அதை விடு லா. எல்லாருக்கும் வாய் தவறும்.” கத்தரிக்கோலை மேசையில் வைத்தார். “நான் ஒண்ணு கேக்கவா? கோவிச்சிக்காத. ஒரு டீமுக்கு ஒரு இந்தியன். அந்த ஒரு இடம்தான் நமக்கு. எங்க பிள்ளைங்க எத்தனை பேரு இங்கயே பொறந்து, இங்கயே படிச்சு, ரெண்டு வருஷம் ஆர்மில என்.எஸ் பண்ணி நிக்கிறானுங்க. அந்த ஒரு இடத்துக்கும் நீங்கதான் வரணுமா?”

நான் ரவிக்கையை மடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கடையில் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

“மேல இருக்கறவங்க எண்ணும்போது நம்ம எல்லாரையும் ஒண்ணாத்தான் எண்றாங்க” என்றார். “நீங்க வந்தீங்க, எண்ணிக்கை கொறையாம இருக்கு. நல்லதுதான். ஆனா நாங்க அதுல எங்க இருக்கோம்னே தெரியல. நிவி நல்ல பொண்ணு. அவளைச் சொல்லல நான்.”

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் என்னை மிகவும் பயமுறுத்தியது. யாரோ முகம் தெரியாதவன் கைப்பேசியில் திட்டுவதை அழித்துவிடலாம். இருபத்து நான்கு வருடமாக என் அளவு தெரிந்த ஒருவரிடம் என்ன பதில் சொல்வது? ரவிக்கையைப் பையில் போட்டுக்கொண்டு, மீன் வாங்க வேண்டும் என்று வந்ததை மறந்து, நேராக ரயில் நிலையத்துக்கு நடந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது கணவர் வாசலிலேயே நின்றார். எங்கள் வீட்டுக் கதவின் படத்தை எவனோ இணையத்தில் போட்டிருந்தான். மாவிலைத் தோரணம், பக்கத்தில் நிவியின் ஓட்டக் காலணி, கதவு எண். மேலே ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டி எழுதியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

நாற்காலி போட்டு ஏறி நான் தோரணத்தை அவிழ்த்தேன். நிவி பிரசாரத்தில் இருந்து வந்து வெறும் வாசல்நிலையைப் பார்த்தாள்.

“ஏன் மா எடுத்த?”

“காஞ்சுபோச்சு.”

“பிளாஸ்டிக் எப்படிக் காயும்?”

நான் அடுப்படிக்குள் போனேன். அவள் பின்னாலேயே வந்தாள்.

“மா, என்னைப் பாரு. நீ பயப்படறது எனக்குத் தெரியும். எனக்கும் பயம்தான். நைட் தூக்கம் வரல. ஆனா நான் இந்தியன்னு சர்ட்டிஃபிகேட் குடுத்து நிக்க வெச்சிருக்காங்க. நீ கதவுல இருந்து அதைக் கழட்டி வெக்கற. அப்ப நான் யாரா மா போய் நிக்கிறது?”

“விலகிடு நிவி.”

“இனிமே முடியாது. நான் விலகினா நாலு பேரும் போயிடுவாங்க.” அவள் குரல் உடைந்தது. “என்னால அவங்களுக்கு ஓட்டு போயிடுச்சுன்னா? அதுதான் மா எனக்குப் பயமே. அவங்க யாரும் ஒரு வார்த்தை சொல்லல. ஆனா நினைச்சிருப்பாங்கல்ல?”

அவளை நான் அன்றைக்குத்தான் கட்டிப்பிடித்தேன், எத்தனையோ மாதத்துக்குப் பிறகு. போலீசில் புகார் கொடுத்தாள். அதிகாரிகள் வந்து பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். படம் நீக்கப்பட்டது. எடுத்தது யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. எங்கள் மாடிக்கு வருகிற யாராகவும் இருக்கலாம். லிஃப்டில் யார் ஏறினாலும் நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்ற நாட்கள் அவை. தோரணத்தை மறுபடி கட்டவில்லை. அவளும் கேட்கவில்லை.

7

கோ அங்கிளுக்குத் தெரிந்துவிட்டது. ஏதோ செய்தியில் நிவியின் பின்னால் நான் குடை பிடித்து நிற்பது தெரிந்திருக்கிறது.

“அது உன் மகளா?”

“ஆமாம்.”

“நான் அந்தத் தொகுதி இல்லை” என்றார். பிறகு, “கோட்டா என்று சொன்னேன். கோட்டாதானே. அது உண்மைதானே.”

“உண்மைதான் அங்கிள்.”

“ம்.” சட்டைக் கையை மடித்துக் கையை என் பக்கம் நீட்டினார். “நீயே போடு. அந்தப் பெண் போட்டால் வலிக்கிறது.”

அவர் மன்னிப்புக் கேட்டாரா இல்லையா என்று நான் யோசித்துக்கொண்டே போட்டேன். ஊசி சரியான இடத்தில் ஏறிவிட்டது.

8

வாக்களிப்பு நாளன்று கணவர் வாக்குச்சாவடியாக இருந்த பள்ளிக்கூடத்தின் வாசல் வரை கூடவே வந்தார். அதற்கு மேல் அவர் வர முடியாது. “நான் இங்கயே நிக்கிறேன்” என்று மரத்தடியில் நின்றுகொண்டார்.

வரிசையில் எனக்கு முன்னால் ஒரு மலாய்த் தம்பதி, பின்னால் காதில் இயர்போன் மாட்டிய சீனப் பெண். எல்லோரும் அமைதியாக நின்றார்கள். யாராவது என்னை அடையாளம் கண்டுகொள்வார்களோ என்று முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டேன். உள்ளே பெயரைப் படித்தார்கள், சீட்டைத் தந்தார்கள். இந்தியாவிலும் வாக்களித்திருக்கிறேன், இங்கேயும் முன்பே வாக்களித்திருக்கிறேன். ஆனால் சீட்டில் என் மகளின் முகம் இருப்பது இதுவே முதல் தடவை. குழுவில் கடைசிப் படம் அவளுடையது. அந்தப் படத்துக்காக நான்தான் அவள் தலையைப் படிய வாரிவிட்டேன்.

முத்திரைப் பேனாவைக் கையில் எடுத்தபோது இந்த உண்மை எனக்குத் தெரிந்தது. அவள் தோற்றுவிடுவாளோ என்று மட்டும் நான் பயப்படவில்லை. ஜெயித்துவிடுவாளோ என்றும் பயந்தேன். ஜெயித்தால் இன்னும் ஐந்து வருடம் இந்தக் கருத்துகள், இந்தக் கதவுப் படம், லெட்சுமி அக்காவின் அந்த முகம். எதிரே இருக்கும் குழுவுக்கு ஒரு முத்திரை வைத்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அவளுக்குக்கூட. நல்ல தாய் செய்யக்கூடியது எது என்று அங்கே நின்று யோசித்தேன். வெளியே யாரோ இருமினார்கள். அட்டைத் தடுப்புக்குள், சீட்டில் இருந்து அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குத்தான் போட்டேன்.

9

தோற்றார்கள். கேவலமாகத் தோற்கவில்லை, அவ்வளவுதான் சொல்லலாம். தொலைக்காட்சியில் எந்த வட்டாரத்தில் எந்த இனத்தவர் எப்படி வாக்களித்திருக்கலாம் என்று விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வாக்குச்சீட்டில் இனம் எழுதியிருக்காது. ஊகம்தான். நிவி பாதியில் எழுந்துபோய்ப் படுத்துவிட்டாள். அவளுடைய குழுவில் இருந்த மூத்த சீனர் மறுநாள் விடியற்காலையில் போன் செய்து, நன்றி சொல்லும் ஊர்வலத்துக்கு லாரி எத்தனை மணிக்கு வரும் என்று சொன்னார். வேறு எதுவும் சொல்லவில்லை. அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்பினாள்.

எனக்கு வேலை இருந்தது. பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நல்ல கூட்டம், எல்லா இனத்தாரும் கலந்து. தூரத்தில் ஒலிபெருக்கி கேட்டது. முதலில் மாண்டரின், பிறகு மலாய், ஆங்கிலம். லாரி திரும்பி மெதுவாக எங்கள் பக்கம் வந்தது. தோற்றவர்கள் மேலே நின்று கையசைத்தார்கள். இங்கே சிலர் பதிலுக்கு அசைத்தார்கள். சிலர் கைப்பேசியில் இருந்து தலையைத் தூக்கவில்லை.

நிவி ஒலிவாங்கியை வாங்கினாள். எழுதிக் கொடுத்த தாள் எதுவும் கையில் இல்லை.

“எல்லாருக்கும் வணக்கம். நாங்க தோத்துட்டோம். பரவால்ல. ஓட்டு போட்டவங்களுக்கும் தேங்க்ஸ், போடாதவங்களுக்கும் தேங்க்ஸ். கதவைத் தொறந்து பேசினீங்க இல்ல, அதுக்குத்தான்...”

அப்போது என்னைப் பார்த்துவிட்டாள். ஒலிவாங்கியைக் கீழே இறக்க மறந்துபோனாள்.

“மா! காலையில சாப்பிடாமயே வந்துட்டியா?”

அந்தக் குரல் சாலை முழுக்க, இருபக்கமும் இருந்த புளோக்குகளில் மோதிக் கேட்டது. எனக்கு யோசிக்க நேரம் இல்லை.

“நீ சாப்பிட்டியாடி?” என்று கத்தினேன்.

நிறுத்தத்தில் நின்ற அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். குழந்தையை வைத்திருந்த ஒரு மலாய்ப் பெண் சிரித்தாள். ஒரு சீன முதியவர் என்னையும் லாரியையும் மாறி மாறிப் பார்த்தார். ஓரமாக நின்ற ஓர் இளைஞன், எங்கள் தமிழ்ப் பிள்ளைகளில் ஒருவன் போலத்தான் இருந்தான், கைப்பேசியைத் தூக்கி என் பக்கம் பிடித்தான். அவன் அதை எங்கே போடுவான், மேலே என்ன எழுதுவான், எனக்குத் தெரியாது. லாரி கடந்து போய்க்கொண்டிருந்தது. நிவி திரும்பி நின்று கையை ஆட்டிக்கொண்டே போனாள். நானும் கையைத் தூக்கினேன். அவன் படம் எடுத்து முடிக்கும் வரை இறக்கவில்லை.